இயான் பிளெமிங்

இயான் லங்காஸ்டர் பிளெமிங் (மே 28, 1908 – ஆகஸ்ட் 12, 1964) ஓர் ஆங்கிலேய எழுத்தாளரும் இதழாளரும் ஆவார். ஜேம்ஸ் பாண்ட் என்னும் கற்பனை உளவாளியைப் படைத்தவர் என்ற வகையில் இவர் உலகெங்கும் அறியப்படுகிறார். பாண்டை முதன்மைக் கதைமாந்தராகக் கொண்டு 12 புதினங்களையும் 2 சிறுகதைத் தொகுப்புகளையும் எழுதினார். இவரது நூல்கள் உலக அளவில் 10 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாகியுள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் உளவுப் பிரிவில் பணியாற்றிய இவர், அங்கு பெற்ற அனுபவங்களைப் பிற்காலத்தில் தம் கதைகளுக்கு அடிப்படையாக்கிக் கொண்டார்.

பிறப்பும் குடும்பமும்

பிளெமிங் இலண்டன் நகரின் மேஃபேர் பகுதியில் வாலண்டைன் பிளெமிங், ஈவ்லின் இணையருக்கு இரண்டாவது மகனாகப் பிறந்தார். இவருடைய பாட்டனார் ராபர்ட் பிளெமிங், இசுக்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து எழுந்து பெரும் செல்வம் ஈட்டிய நிதியாளர். தம் பெயரிலேயே ஒரு வங்கியையும் நிறுவியவர். தந்தை வாலண்டைன் 1910 முதல் ஹென்லி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். முதல் உலகப் போரில் மேற்குப் போர்முனையில் பணியாற்றிய அவர், 1917 மே 20 அன்று செருமானியரின் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். அப்போது இயானின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு எட்டு நாட்களே இருந்தன. வாலண்டைனின் நண்பரான வின்ஸ்டன் சர்ச்சில் 'த டைம்ஸ்' நாளிதழில் இரங்கற் குறிப்பு எழுதினார். அதன் சட்டமிட்ட படி ஒன்றை இயான் வாழ்நாள் முழுவதும் பாதுகாத்து வந்தார்.

வாலண்டைனின் சொத்து அவரது விருப்ப ஆவணத்தின்படி மனைவியின் பொறுப்பில் விடப்பட்டது. இதனால் செல்வக் குடும்பத்தில் பிறந்தும் மகன்கள் தத்தம் வருவாயைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. மூத்த சகோதரரான பீட்டர் பிளெமிங் பயண நூலாசிரியராக இளமையிலேயே புகழ் பெற்றார். இளைய சகோதரர்களுள் ஒருவரான மைக்கேல் 1940 இல் போர்க் காயங்களால் செருமானியச் சிறையில் இறந்தார். பின்னாளில் புகழ்பெற்ற செல்லோ இசைக்கலைஞரான அமரில்லிஸ் பிளெமிங், இவர்களுடைய தாய்க்கும் ஓவியர் அகஸ்டஸ் ஜானுக்கும் பிறந்தவர் ஆவார்.

கல்வி

பிளெமிங் 1921 இல் ஈட்டன் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் தமையன் பீட்டரைப்போல் சிறக்கவில்லை. எனினும் தடகளப் போட்டிகளில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பள்ளியின் முதன்மை வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் சாண்ட்ஹர்ஸ்ட் படைத்துறைக் கல்லூரியில் சேர்ந்து, ஓராண்டுகூட நிறைவுறாத நிலையில் 1927 இல் பதவி ஏதும் பெறாமல் வெளியேறினார்.

இதன்பின் தாயார் இவரை ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் நகரில் இயங்கிய ஒரு சிறிய தனியார் பள்ளிக்கு அனுப்பினார். அதனை நடத்திய எர்னன் ஃபோர்ப்ஸ் டென்னிஸ் முன்னாள் பிரித்தானிய உளவாளி. அவருடைய மனைவி ஃபிலிஸ் பாட்டம் புதின எழுத்தாளர். பிளெமிங்கின் இரு வாழ்க்கைத் துறைகளும் அந்த ஒரே வீட்டில் முன்கூட்டியே அமைந்திருந்தன எனலாம். இங்கு செருமன், பிரெஞ்சு மொழிகளைக் கற்ற இவர், மியூனிக், ஜெனீவா பல்கலைக்கழகங்களிலும் சிறிது காலம் பயின்றார். ஜெனீவாவில் ஒரு பெண்ணுடன் இவருக்குத் திருமணம் உறுதியானது; ஆயினும் தாயாரின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 1931 இல் வெளியுறவுத் துறைத் தேர்வு எழுதித் தோல்வியுற்றார்.

இதழாளரும் பங்குத் தரகரும்

1931 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவாகவும் பிழையின்றியும் எழுதும் பழக்கம் இவருக்கு இங்குதான் வாய்த்தது. 1933 ஏப்ரலில் மாஸ்கோவில், மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பிரித்தானியப் பொறியாளர்கள் ஆறு பேர் மீது சோவியத் அரசு நடத்திய வழக்கைப் பற்றிச் செய்தி சேகரிக்க அனுப்பப்பட்டார். அங்கிருந்தபோது ஜோசப் ஸ்டாலினிடம் நேர்காணல் கோரினார். இயலாமைக்கு வருந்தி ஸ்டாலின் தாமே கையொப்பமிட்ட குறிப்பு ஒன்று இவருக்குக் கிடைத்தது.

செய்தியாளர் ஊதியம் போதாமையால் அதே ஆண்டில் வங்கித் தொழிலுக்கு மாறினார். 1935 இல் ரோவ் அண்ட் பிட்மன் என்னும் பங்குத் தரகு நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டு பணிகளிலும் இவர் சிறக்கவில்லை. இக்காலத்தில்தான் அரிய நூல்களின் முதற்பதிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார். அறிவியல், தொழில்நுட்பம், சிந்தனை ஆகிய துறைகளில் புதிய போக்கு ஒன்றைத் தொடங்கி வைத்த நூல்களையே தேடித்தேடி வாங்கினார். இத்தொகுப்பு இன்று அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லில்லி நூலகத்தில் உள்ளது.

கடற்படை உளவுப் பணி

1939 மே மாதத்தில் கடற்படை உளவுப் பிரிவின் இயக்குநரான ரியர் அட்மிரல் ஜான் காட்ஃபிரே, பிளெமிங்கைத் தம் தனி உதவியாளராகத் தேர்ந்தெடுத்தார். இவரது குறியீட்டுப் பெயர் 17எஃப். பணியிடம் கடற்படைத் தலைமையகத்தின் 39 ஆம் எண் அறை. துறையில் முன்னனுபவம் ஏதும் இல்லாதபோதும், பிற உளவு அமைப்புகளுடனும் பிரதமர் அலுவலகத்துடனும் தொடர்பு கொள்ளும் பொறுப்பைத் திறம்பட நிறைவேற்றினார். கமாண்டர் பதவி வரை உயர்ந்தார். பின்னாளில் தாம் படைத்த பாண்டுக்கும் இதே பதவியை வழங்கினார். பாண்டின் மேலதிகாரியான 'எம்' என்னும் பாத்திரத்துக்குக் காட்ஃபிரேயே முதன்மை முன்மாதிரி என்று கருதப்படுகிறது.

1939 செப்டம்பரில் காட்ஃபிரேயின் பெயரால், எதிரியை ஏமாற்றும் வழிகள் குறித்த குறிப்பு ஒன்று சுற்றுக்கு விடப்பட்டது. பகைவரை ஏமாற்றுவதைத் தூண்டிலிட்டு மீன் பிடிப்பதோடு ஒப்பிட்ட இக்குறிப்பில் 54 யோசனைகள் இருந்தன. இதன் பெரும்பகுதியை எழுதியவர் பிளெமிங் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பொய்யான ஆவணங்களுடன் ஒரு சடலத்தை எதிரியின் கையில் கிடைக்கச் செய்வது அவற்றுள் ஒன்று. இந்த யோசனை பேசில் தாம்சன் என்பவரின் புதினத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். 1943 இல் ஈவன் மான்டேகு, சார்ல்ஸ் சோமன்டலி ஆகியோர் இத்தகைய திட்டத்தை உண்மையிலேயே நிறைவேற்றினர். ஸ்பெயின் கடற்கரையில் ஒதுங்கிய சடலத்தின் ஆவணங்களை நம்பிய செருமானியர், நேச நாடுகள் சிசிலித் தீவைத் தாக்கப்போவதை உணரத் தவறினர்.

1940 செப்டம்பரில் பிளெமிங் வகுத்த மற்றொரு திட்டம் செருமன் கடற்படையின் எனிக்மா மறைகுறியீட்டு ஏடுகளைக் கைப்பற்றுவதாகும். கைப்பற்றப்பட்ட செருமன் விமானம் ஒன்றை ஆங்கிலக் கால்வாயில் வீழ்த்தி, மீட்க வரும் செருமன் படகைப் பிடிப்பதே அதன் வழிமுறை. பிளெட்ச்லி பார்க்கில் குறியீடுகளை உடைத்துக்கொண்டிருந்த ஆலன் டூரிங் முதலியோர் இதனை ஆவலுடன் எதிர்பார்த்தனர். ஆயினும் திட்டம் நிறைவேறவில்லை.

1941 இல் காட்ஃபிரேயுடன் அமெரிக்கா சென்ற பிளெமிங், அந்நாடு அமைக்கவிருந்த உளவு அமைப்பு குறித்து வில்லியம் டோனவனுக்கு ஆலோசனைக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். செருமன் படைகள் ஸ்பெயினுக்குள் நுழைந்தால் ஜிப்ரால்டரில் உளவுப் பணியைத் தொடர்வதற்கான திட்டத்தையும் மேற்பார்த்தார். அத்திட்டத்தின் பெயர் 'கோல்டன்ஐ' என்பதாகும்.

1942 இல் 30 ஆம் தாக்குதல் பிரிவு என்னும் சிறப்புப் படை உருவாக்கப்பட்டது. முன்னேறும் படைகளுடன் சென்று, எதிரியின் தலைமையகங்களிலிருந்து ஆவணங்களையும் கருவிகளையும் அழிவதற்கு முன் கைப்பற்றுவது அதன் பணி. அதன் இலக்குகளைத் தீர்மானித்தவர் பிளெமிங். ஆனால் களத்தில் அதனுடன் சென்று போரிட்டவர் அல்லர். 1942 ஆகஸ்டில் நடந்த தியப் தாக்குதலையும் இவர் கரைக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்தே பார்த்தார். மிகுந்த இரகசியங்களை அறிந்தவர் என்பதால் எதிரியிடம் பிடிபடக்கூடிய இடங்களுக்கு அனுப்பப்படவில்லை. போர்க்காலம் முழுவதும் மேசையின் பின்னால் அமர்ந்து பிறரின் துணிகரச் செயல்களைத் திட்டமிட்டவர், பின்னர் அதே துணிகரத்தைத் தாளில் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜமேக்காவும் திருமணமும்

1942 இல் உளவுத்துறை மாநாடு ஒன்றுக்காக ஜமேக்கா சென்ற பிளெமிங், போர் முடிந்ததும் அத்தீவில் வாழ முடிவு செய்தார். வடகரையிலுள்ள ஒரகபெசா என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டி, அதற்குக் 'கோல்டன்ஐ' என்று பெயரிட்டார். 1945 இல் கெம்ஸ்லி செய்தித்தாள் குழுமத்தின் வெளிநாட்டுப் பிரிவு மேலாளராகப் பொறுப்பேற்றார். 'சண்டே டைம்ஸ்' இதழை வெளியிட்ட குழுமம் இதுவே. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஜமேக்காவில் தங்குவதற்கான நீண்ட விடுப்பு இவரது பணி ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றிருந்தது.

போருக்கு முன்பிருந்தே பிளெமிங்குக்கு ஆன் சார்ட்டரிஸ் என்பவருடன் உறவு இருந்தது. ஆனின் முதல் கணவரான ஓ'நீல் பிரபு 1944 இல் போரில் இறந்தார். அடுத்த ஆண்டு ஆன் செய்தித்தாள் உரிமையாளரான ராதர்மியர் பிரபுவை மணந்தார். எனினும் பிளெமிங்குடனான உறவு தொடர்ந்தது. 1948 இல் இவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை இறந்தே பிறந்தது. 1951 இல் மணமுறிவு பெற்ற ஆன், 1952 மார்ச் 24 அன்று ஜமேக்காவில் பிளெமிங்கை மணந்தார். அண்டை வீட்டாரான நாடகாசிரியர் நோயல் கவர்ட் சாட்சியாக இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று மகன் காஸ்பர் பிறந்தான். இத்திருமண வாழ்வு அமைதியானதாக அமையவில்லை. ஆனின் இலக்கிய நண்பர்கள் பிளெமிங்கின் நூல்களைப் பொருட்படுத்தாததும் இவருக்கு மனக்கசப்பை ஏற்படுத்தியது.

ஜேம்ஸ் பாண்டின் தோற்றம்

திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1952 பிப்ரவரியில், கோல்டன்ஐ வீட்டில் தம் முதல் புதினமான 'கசினோ ராயல்' நூலைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய அது நிறைவுற்றது. நண்பரும் கவிஞருமான வில்லியம் புளோமர் கையெழுத்துப் படியைப் படித்து ஜோனதன் கேப் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்தார். பதிப்பகம் முதலில் தயங்கியது. பீட்டர் பிளெமிங்கின் பரிந்துரைக்குப் பின் ஏற்றுக்கொண்டது. 1953 ஏப்ரல் 13 அன்று நூல் வெளிவந்தது. விரைவில் விற்றுத் தீர்ந்தமையால் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது.

கதைத்தலைவனுக்கு எளிய, சாதாரணமான பெயர் ஒன்றை வைக்க விரும்பிய பிளெமிங், தம் வீட்டிலிருந்த கரீபியன் பறவைகள் பற்றிய நூலின் அட்டையில் அதைக் கண்டார். அந்நூலின் ஆசிரியர் ஜேம்ஸ் பாண்ட் என்னும் அமெரிக்கப் பறவையியலாளர் ஆவார். 1964 இல் அந்த அறிஞர் கோல்டன்ஐ வீட்டுக்கு வந்து பிளெமிங்கைச் சந்தித்தார்.

எழுத்து முறை

இதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஜமேக்கா விடுப்பில் ஒரு நூல் என்ற ஒழுங்கைப் பிளெமிங் இறுதிவரை கடைப்பிடித்தார். காலையில் கடலில் நீந்திவிட்டு மூன்று மணி நேரமும், மாலையில் ஒரு மணி நேரமும் எழுதுவார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2000 சொற்கள் எழுதினார். எழுதியதைத் திரும்பிப் படித்துத் திருத்தினால் வேகம் குன்றிவிடும் என்பது இவருடைய கருத்து. அதனால் முதற்படி முடிந்த பின்னரே திருத்தங்களைச் செய்தார்.

கதை எவ்வளவு நம்பமுடியாததாக இருப்பினும், அதில் வரும் பொருட்கள் உண்மையானவையாக இருக்க வேண்டும் என்பது இவரது உத்தி. கார், கைக்கடிகாரம், சிகரெட், உணவு, மது ஆகிய ஒவ்வொன்றின் பெயரும் வகையும் துல்லியமாகக் கூறப்பட்டன. பிரித்தானியாவில் போர்க்கால உணவுப் பங்கீட்டு முறை 1954 வரை நீடித்தது. பற்றாக்குறைக்குப் பழகியிருந்த வாசகர்களுக்கு இவ்வருணனைகளும் வெயில் மிகுந்த தொலைநாடுகளும் பெரும் ஈர்ப்பாக அமைந்தன. பேரரசு சுருங்கிவந்த அக்காலத்தில், உலகைக் காப்பவன் இன்னும் ஒரு பிரித்தானியனே என்னும் கற்பனையும் அவர்களுக்கு ஆறுதலளித்தது.

விவரங்களில் பிழை நேர்ந்தால் வாசகர்கள் சுட்டிக்காட்டுவதும் உண்டு. பாண்டின் பெரெட்டா கைத்துப்பாக்கி அவருக்குப் பொருத்தமற்றது என்று கிளாஸ்கோவைச் சேர்ந்த துப்பாக்கி வல்லுநர் ஜெஃப்ரி பூத்ராய்டு 1956 இல் கடிதம் எழுதினார். அவரது ஆலோசனைப்படி 'டாக்டர் நோ' புதினத்தில் பாண்டுக்கு வால்தர் பிபிகே துப்பாக்கி வழங்கப்பட்டது. படைக்கலப் பொறுப்பாளர் பாத்திரத்துக்கும் பூத்ராய்டு என்றே பெயரிடப்பட்டது.

தொடக்க நூல்களில் பாண்டின் எதிரி சோவியத் எதிர்-உளவு அமைப்பான ஸ்மெர்ஷ் ஆகும். இப்பெயரில் உண்மையான அமைப்பு ஒன்று 1943 முதல் 1946 வரை இயங்கியது. பனிப்போர் தணிந்துவிடக்கூடும் என்று எண்ணிய பிளெமிங், 'தண்டர்பால்' நூலிலிருந்து எந்த நாட்டையும் சாராத ஸ்பெக்டர் என்னும் கற்பனைக் குற்றக் கும்பலை அறிமுகப்படுத்தினார்.

புகழும் கண்டனமும்

முதல் சில நூல்கள் நன்கு விற்றபோதிலும் பிளெமிங் எதிர்பார்த்த அளவு வருவாய் கிட்டவில்லை. சோர்வுற்ற இவர், ஐந்தாவது நூலான 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' புதினத்தின் இறுதியில் பாண்ட் நஞ்சூட்டப்பட்டு வீழ்வதாக எழுதி, அவன் பிழைத்தானா என்பதைச் சொல்லாமல் விட்டார். ஆனால் நிலைமை மாறியது. 1956 இல் சூயெஸ் நெருக்கடிக்குப் பின் உடல்நலம் குன்றிய பிரதமர் அந்தோனி ஈடன் ஓய்வுக்காகக் கோல்டன்ஐ வீட்டில் தங்கினார். இச்செய்தி பிளெமிங்கின் பெயரைப் பரவலாக அறியச் செய்தது. 1957 இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழ் இவரது புதினத்தைத் தொடராக வெளியிட்டது. அடுத்த ஆண்டு பாண்ட் படக்கதையையும் தொடங்கியது. 1961 இல் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் வெளியிட்ட குடியரசுத் தலைவர் கென்னடியின் விருப்ப நூல்கள் பத்தில் 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' இடம்பெற்றது. இதனால் அமெரிக்காவில் விற்பனை பெருமளவு உயர்ந்தது.

அதே வேளையில் கண்டனங்களும் எழுந்தன. 1958 இல் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் பால் ஜான்சன் எழுதிய மதிப்புரை, இந்நூல்கள் கொடுமையையும் காமத்தையும் மேட்டிமைப் பகட்டையும் விற்கின்றன என்று கடுமையாகத் தாக்கியது. பெண்களையும் பிற இனத்தவரையும் சித்தரித்த விதம் இன்றளவும் கண்டிக்கப்படுகிறது. 2023 இல் வெளிவந்த மறுபதிப்புகளில் இனவெறிச் சொற்கள் சில நீக்கப்பட்டன, இதுவும் விவாதத்துக்குள்ளானது. மறுபுறம், ரேமண்ட் சாண்ட்லர், கிங்ஸ்லி ஏமிஸ் போன்ற எழுத்தாளர்கள் பிளெமிங்கின் கதை சொல்லும் ஆற்றலைப் பாராட்டினர்.

1962 இல் இவர் ஒரு சோதனை முயற்சியாக, இளம்பெண் ஒருத்தி தன் கதையைத் தானே கூறுவதாக 'த ஸ்பை ஹூ லவ்டு மீ' நூலை எழுதினார். அதற்கு எதிர்ப்பு மிகுந்தமையால் தம் வாழ்நாளில் பிரித்தானியாவில் அதன் மலிவுப் பதிப்பு வெளிவராமல் தடுத்தார்.

தண்டர்பால் வழக்கு

1950களின் இறுதியில் பிளெமிங், கெவின் மெக்லோரி, ஜாக் விட்டிங்ஹாம் ஆகியோருடன் இணைந்து பாண்ட் திரைக்கதை ஒன்றை உருவாக்கினார். படம் எடுக்கப்படவில்லை. அக்கதையை அடிப்படையாகக் கொண்டு, உடன் உழைத்தவர்களைக் குறிப்பிடாமல் 'தண்டர்பால்' புதினத்தை எழுதினார். 1961 மார்ச்சில் மெக்லோரியும் விட்டிங்ஹாமும் நூல் வெளியீட்டுக்குத் தடை கோரி நீதிமன்றம் சென்றனர். நூல் வெளிவர அனுமதி கிடைத்தது. ஆயினும் வழக்கைத் தொடரவும் இடமளிக்கப்பட்டது. அடுத்த மாதம் பிளெமிங்குக்குக் கடுமையான மாரடைப்பு ஏற்பட்டது.

1963 நவம்பரில் விசாரணை தொடங்கியது. ஒன்பது நாட்களில் இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. திரைப்பட உரிமை மெக்லோரிக்குச் சென்றது. நூலுரிமை பிளெமிங்கிடம் இருந்தது. எனினும் மூவரின் திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டது என்னும் குறிப்பு பின்வரும் பதிப்புகளில் இடம்பெற வேண்டும் என முடிவாயிற்று. 1983 இல் வெளிவந்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' திரைப்படம் இவ்வுடன்பாட்டின் விளைவாகும்.

திரைப்படங்கள்

1954 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி 'கசினோ ராயல்' கதையை நாடகமாக ஒளிபரப்பியது. அதில் பாரி நெல்சன் பாண்டாக நடித்தார். 1961 இல் ஹாரி சால்ட்ஸ்மன், ஆல்பர்ட் புரோக்கலி ஆகியோர் திரைப்பட உரிமைகளைப் பெற்றனர். முதல் படமான 'டாக்டர் நோ' 1962 அக்டோபரில் வெளிவந்தது. ஷான் கானரியைத் தேர்ந்தெடுத்ததில் பிளெமிங்குக்கு முதலில் உடன்பாடில்லை. படத்தைப் பார்த்தபின் மனம் மாறி, பிந்தைய நூலில் பாண்டின் தந்தையை இசுக்காட்லாந்துக்காரர் ஆக்கினார். இவர்கள் தொடங்கிய ஈயான் நிறுவனம் 2021 வரை 25 படங்களைத் தயாரித்தது.

இவரது சிறுகதையின் பெயரைத் தாங்கிய 'ஆக்டோபசி' (1983) படத்தின் பகுதிகள் இந்தியாவின் உதய்ப்பூரில் படமாக்கப்பட்டன. சென்னையைச் சேர்ந்த டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் நடித்துள்ளார். தமிழ்த் திரையுலகில் துப்பறிவாளர் வேடங்களில் நடித்துப் புகழ்பெற்ற ஜெய்சங்கர், தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று அழைக்கப்பட்டார்.

இறுதிக்காலம்

பிளெமிங் வாழ்நாள் முழுவதும் மிகுதியாகப் புகைபிடித்தார்; மதுவும் அருந்தினார். மாரடைப்புக்குப் பின்னும் இப்பழக்கங்களை முற்றிலும் கைவிடவில்லை. மாரடைப்பிலிருந்து தேறிவந்த காலத்தில், மகன் காஸ்பருக்குக் கூறிய பறக்கும் காரின் கதையைச் 'சிட்டி-சிட்டி-பேங்-பேங்' என்னும் சிறுவர் நூலாக எழுதினார். அது இவர் இறந்து இரண்டு மாதங்களுக்குப் பின்னரே வெளிவந்தது.

1964 ஆகஸ்ட் 11 அன்று கேன்டர்பரி நகரில் மீண்டும் மாரடைப்பு ஏற்பட்டது. மறுநாள் அதிகாலையில் தம் 56 ஆம் அகவையில் காலமானார். அன்று காஸ்பரின் பன்னிரண்டாவது பிறந்தநாள். இவரது உடல் சுவிண்டன் நகருக்கு அருகிலுள்ள செவன்ஹாம்ப்டன் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது. காஸ்பர் 1975 இல் அளவுக்கு மீறிய மருந்தை உட்கொண்டு இறந்தார். ஆன் 1981 இல் காலமானார்.

தாக்கம்

பிளெமிங்கின் வாழ்நாளில் ஏறக்குறைய 3 கோடி நூற்படிகள் விற்பனையாகின. இறந்தபின் இரண்டே ஆண்டுகளில் அதைப்போல் இருமடங்கு விற்றன. பாண்ட் கதைகளைப் பிற எழுத்தாளர்கள் தொடர்ந்து எழுதி வருகின்றனர். கிங்ஸ்லி ஏமிஸ் புனைபெயரில் எழுதிய 'கர்னல் சன்' (1968) அவற்றுள் முதலாவது பாண்ட் புதினம். பிளெமிங்கின் நூற்றாண்டான 2008 இல் செபாஸ்டியன் ஃபாக்ஸ் எழுதிய 'டெவில் மே கேர்' வெளிவந்தது.

1964 இல் புக்கர் நிறுவனம் பிளெமிங்கின் பதிப்புரிமை நிறுவனத்தில் 51 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. எழுத்தாளர் உரிமைகளில் இவ்வாறு முதலீடு செய்த நிறுவனமே 1969 இல் புக்கர் பரிசைத் தொடங்கியது. இலக்கியத் தகுதி இல்லையென்று திறனாய்வாளர்கள் ஒதுக்கிய நூல்களின் வருவாய்க்கும் ஆங்கில இலக்கியத்தின் உயரிய விருதொன்றுக்கும் இவ்வாறு தொடர்பு ஏற்பட்டது. ஜமேக்காவில் ஒரகபெசா அருகேயுள்ள வானூர்தி நிலையத்துக்கு 2011 இல் பிளெமிங்கின் பெயர் சூட்டப்பட்டது.

நூல்கள்

பாண்ட் புதினங்கள்

கசினோ ராயல் (1953)
லிவ் அண்ட் லெட் டை (1954)
மூன்ரேக்கர் (1955)
டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர் (1956)
ஃபிரம் ரஷ்யா வித் லவ் (1957)
டாக்டர் நோ (1958)
கோல்டுஃபிங்கர் (1959)
தண்டர்பால் (1961)
த ஸ்பை ஹூ லவ்டு மீ (1962)
ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ் (1963)
யூ ஒன்லி லிவ் டுவைஸ் (1964)
த மேன் வித் த கோல்டன் கன் (1965, மறைவுக்குப் பின்)

சிறுகதைத் தொகுப்புகள்

ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி (1960)
ஆக்டோபசி அண்ட் த லிவிங் டேலைட்ஸ் (1966, மறைவுக்குப் பின்)

பிற நூல்கள்

த டயமண்ட் ஸ்மக்லர்ஸ் (1957) – வைரக் கடத்தல் பற்றியது
திரில்லிங் சிட்டீஸ் (1963) – பயணக் கட்டுரைகள்
சிட்டி-சிட்டி-பேங்-பேங் (1964) – சிறுவர் கதை